ரிப்போர்ட்டில் ஏழு 'ஆர்': கர்ப்ப காலத்தில் எந்த மருந்து?

கேள்வி: எனக்கு இது முதல் கர்ப்பம். 24 வாரம் ஆகிறது. நாலாவது மாதத்தில் சிறுநீர் போகும்போது எரிச்சல் இருந்தது. வீட்டில் மிச்சமிருந்த செஃபிக்ஸிம் மாத்திரையை மூன்று நாள் போட்டேன், சரியாகிவிட்டது. போன வாரம் மறுபடியும் எரிச்சல், அடிக்கடி பாத்ரூம் போக வேண்டியிருக்கிறது. காய்ச்சல் இல்லை. டாக்டர் யூரின் கல்ச்சர் எடுக்கச் சொன்னார். ரிப்போர்ட்டில் 'ஈ.கோலி, ஈ.எஸ்.பி.எல். பாசிட்டிவ், ஒரு லட்சத்துக்கு மேல்' என்று இருக்கிறது. ஆம்பிசிலின், செஃபலெக்ஸின், செஃபியூராக்ஸிம், செஃபிக்ஸிம், செஃப்ட்ரையாக்ஸோன், சிப்ரோஃப்ளாக்ஸசின், கோட்ரைமாக்ஸசோல் ஆகிய ஏழுக்கும் நேரே 'ஆர்'. நைட்ரோஃப்யூரன்டாயின், ஃபாஸ்ஃபோமைசின், அமிகாசின், மெரோபெனம் நான்குக்கு மட்டும் 'எஸ்'. டாக்டர் நைட்ரோஃப்யூரன்டாயின் மாத்திரையை ஏழு நாளைக்கு எழுதிக் கொடுத்தார். "இவ்வளவு மருந்துக்கு அடங்காத கிருமிக்கு வெறும் மாத்திரையா? மெரோபெனம் நேரே 28 என்றும் இந்த மாத்திரை நேரே 20 என்றும் போட்டிருக்கிறது, அந்த ஊசியையே கேட்கலாம்" என்கிறார் கணவர். "எந்த ஆன்டிபயாடிக்கும் வயிற்றுப் பிள்ளைக்கு ஆகாது, தண்ணீர் நிறையக் குடி, போதும்" என்கிறார் அம்மா. இரண்டு நாளாக மாத்திரையைத் தொடவில்லை. மருந்துக் கடையில் எரிச்சலுக்குக் கொடுத்த சிரப்பை மட்டும் குடிக்கிறேன். என் உடம்புக்கு இனி எந்த மருந்தும் கேட்காதா? நான் போட்ட அந்த மூன்று நாள் மாத்திரைதான் இதற்கெல்லாம் காரணமா?

பதில்:

முதலில் மாத்திரையை ஆரம்பித்துவிடுங்கள், இன்றைக்கே. மீதியைப் பிறகு பேசலாம். இரண்டு நாள் போய்விட்டது, மூன்றாவது நாளும் வீட்டு விவாதத்தில் போக வேண்டாம்.

நான் பிரசவம் பார்க்கும் மருத்துவர் அல்ல. நீங்கள் கையில் வைத்திருக்கும் அந்த ரிப்போர்ட்டைப் போன்றவற்றை எழுதிக் கையெழுத்துப் போடும் நுண்ணுயிரியல் மருத்துவர். அதனால் அந்தத் தாளை எப்படிப் படிப்பது என்பதைத்தான் அதிகம் சொல்லப் போகிறேன். அளவு, நாள், மாற்றம் எல்லாம் உங்களை நேரில் பார்க்கும் டாக்டரின் முடிவு. நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் அவர் எழுதிக் கொடுத்தது சரியான மருந்துதான்.

'ஆர்' என்றால் அந்த மருந்துக்குக் கிருமி அடங்காது, 'எஸ்' என்றால் அடங்கும். 'ஆர்' என்பது உங்கள் உடம்பைப் பற்றிய செய்தி இல்லை. உங்கள் சிறுநீரில் இருந்த கிருமியைப் பற்றியது. உங்கள் உடம்பு எந்த மருந்தையும் 'பழகிக்கொள்ளவில்லை'. இந்தக் கிருமி போய், அடுத்த வருடம் வேறொரு ஈ.கோலி வந்தால், இன்று 'ஆர்' விழுந்த மருந்தே அதற்கு வேலை செய்யக்கூடும். இன்னொன்றும் சேர்த்துச் சொல்கிறேன்: மருந்துக்கு அடங்காத கிருமி என்றால் கொடூரமான கிருமி என்று அர்த்தமில்லை. காய்ச்சல் வருமா, சிறுநீரகம்வரை ஏறுமா என்பதை நிர்ணயிக்கும் குணங்கள் வேறு, மருந்தைச் சமாளிக்கும் குணம் வேறு. ஆபத்து எங்கே வருகிறது என்றால், ரிப்போர்ட் வருவதற்குள் கேட்காத மருந்தைக் கொடுத்து நாட்களை வீணாக்குவதில். உங்கள் விஷயத்தில் ரிப்போர்ட் கையிலேயே இருக்கிறது.

அந்த எண்கள் எப்படி வருகின்றன என்று தெரிந்தால் உங்கள் கணவரின் சந்தேகம் பாதி தீரும். நீங்கள் கொடுத்த சிறுநீரில் ஒரு மைக்ரோலிட்டர், அதாவது ஒரு மில்லிலிட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு, ஒரு மெல்லிய கம்பி வளையத்தால் எடுக்கப்பட்டு ஊட்டத் தட்டில் தேய்க்கப்படுகிறது. இரவு முழுக்க 37 டிகிரி சூட்டில் வைக்கிறோம். மறுநாள் காலையில், மக்கான்கி என்ற ஊட்டத்தில் ஈ.கோலி இளஞ்சிவப்புப் புள்ளிகளாக நிற்கும். ஒரு புள்ளி என்றால் மில்லிலிட்டருக்கு ஆயிரம் கிருமி என்று கணக்கு. நூறு புள்ளிகள் இருந்தால் ஒரு லட்சம். இந்த ஒரு லட்சம் என்ற எல்லை 1950-களில் எட்வர்ட் காஸ் என்ற அமெரிக்க மருத்துவர் வகுத்தது. சிறுநீர்ப்பையில் உண்மையாகவே வளர்ந்த கிருமியா, பாட்டிலில் பிடிக்கும்போது தோலிலிருந்து விழுந்த கிருமியா என்று பிரித்துப் பார்க்க இன்றும் அது பயன்படுகிறது.

அப்புறம் அந்தக் கிருமியை எடுத்து இன்னொரு தட்டு முழுக்கப் பூசி, மருந்து தோய்த்த சின்னச் சின்னக் காகித வில்லைகளை அதன்மேல் வைக்கிறோம். மருந்து வேலை செய்தால் வில்லையைச் சுற்றிக் கிருமி வளராத தெளிந்த வட்டம் விழும். வேலை செய்யாவிட்டால் வில்லையின் விளிம்புவரை கிருமி மண்டிக் கிடக்கும். அந்த வட்டத்தின் விட்டம்தான் உங்கள் ரிப்போர்ட்டில் உள்ள 28, 20 எல்லாம். மில்லிமீட்டர் கணக்கு.

இங்கேதான் எல்லோரும் தடுமாறுகிறார்கள். ஒரு மருந்தின் வட்டத்தை இன்னொரு மருந்தின் வட்டத்தோடு ஒப்பிடவே கூடாது. ஒவ்வொரு மருந்தும் ஊட்டத்தில் வேறு வேறு வேகத்தில் பரவும், வில்லையில் இருக்கும் அளவும் வேறு. அதனால் ஒவ்வொன்றுக்கும் தனி எல்லை உண்டு. பல லேப்கள் பின்பற்றும் சி.எல்.எஸ்.ஐ. என்ற அமெரிக்கத் தர அமைப்பின் அளவுகோல்படி இந்த வகைக் கிருமியில் நைட்ரோஃப்யூரன்டாயினுக்கு 17 மில்லிமீட்டர் இருந்தாலே 'எஸ்'. மெரோபெனத்துக்கு 23 வேண்டும். 20-ம் தேர்ச்சி, 28-ம் தேர்ச்சி, அவ்வளவுதான். 28 வாங்கியது கூடுதல் கெட்டிக்காரன் என்று இந்தத் தாள் சொல்லவில்லை. சில ரிப்போர்ட்டுகளில் வட்டத்துக்குப் பதில் 'எம்.ஐ.சி.' என்று வேறு எண்கள் வரும், கிருமி வளராமல் தடுக்கத் தேவைப்படும் மிகக் குறைந்த மருந்தளவு அது. அதிலும் இதே கதைதான். எது சின்ன எண்ணோ அதைத் தேர்ந்தெடுப்பது தவறு. டாக்டர்களிலேயே சிலர் அப்படிச் செய்வதுண்டு, அது வேறு விஷயம்.

இப்போது அந்த ஏழு 'ஆர்'. பார்க்கப் பயமாகத்தான் இருக்கும், ஆனால் ஏழு தனித்தனிப் பிரச்சினைகள் இல்லை. ஆம்பிசிலினும் 'செஃப்' என்று தொடங்கும் நான்கும் ஒரே குடும்பம். அந்தக் குடும்ப மருந்துகளைச் சிதைக்கும் ஒரு என்சைமை உங்கள் கிருமி தயாரிக்கிறது. ஈ.எஸ்.பி.எல். என்று போட்டிருப்பது அதைத்தான். தட்டில் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். செஃப் வகை வில்லைக்குப் பக்கத்தில் கிளாவுலனிக் அமிலம் சேர்ந்த வில்லையை வைத்தால், அந்த அமிலம் என்சைமை முடக்கிவிடும். இரண்டுக்கும் நடுவில் மட்டும் கிருமி வளராத இடம் நீண்டு, சாவித் துவாரம் மாதிரி ஒரு வடிவம் விழும். ஆக ஐந்து 'ஆர்'களுக்கு ஒரே காரணம். மீதி இரண்டில் சிப்ரோஃப்ளாக்ஸசின் 'எஸ்' என்று வந்திருந்தாலும் கர்ப்பிணிக்கு அதை முடிந்தவரை கொடுக்க மாட்டார்கள். கோட்ரைமாக்ஸசோல் ஃபோலிக் அமிலத்தின் வேலையில் குறுக்கிடும் மருந்து. முதல் மூன்று மாதத்திலும் பிரசவத்தை ஒட்டியும் அதைத் தவிர்ப்பார்கள். அதற்கு எதிர்ப்பை உண்டாக்கும் மரபணு பல சமயம் ஈ.எஸ்.பி.எல். மரபணு இருக்கும் அதே பிளாஸ்மிட் என்ற டி.என்.ஏ. வளையத்திலேயே ஒட்டிக்கொண்டு வரும். அந்த வளையத்தை ஒரு கிருமி இன்னொரு கிருமிக்குக் கொடுக்கவும் முடியும்.

இந்த என்சைம் விவகாரம் ஏதோ இப்போது முளைத்தது என்று நினைக்க வேண்டாம். பென்சிலின் நோயாளிகளுக்குப் பரவலாகக் கிடைப்பதற்கு முன்பே, 1940-ல், எட்வர்ட் ஆபிரகாமும் எர்ன்ஸ்ட் செயினும் பென்சிலினைச் சிதைக்கும் என்சைம் ஒன்றைக் கண்டுபிடித்து எழுதிவிட்டார்கள். அதை அவர்கள் எடுத்தது இதே ஈ.கோலியிலிருந்து. மருந்துகள் புதிது புதிதாக வர வர, என்சைம்களும் கூடவே அகலமானவையாக மாறிவந்தன.

நான்கு 'எஸ்'களையும் அதே மாதிரி சலித்துப் பார்ப்போம். அமிகாசின் நஞ்சுக்கொடியைத் தாண்டிப் போகும். அந்த வகை மருந்துகளில் சில குழந்தையின் காதைப் பாதித்த அனுபவம் மருத்துவத்துக்கு உண்டு. வேறு வழி இருக்கும்போது அதைத் தொடுவதில்லை. மெரோபெனம் கர்ப்பத்தில் தேவைப்பட்டால் கொடுக்கக்கூடியதுதான். தொற்று சிறுநீரகத்துக்கு ஏறிக் காய்ச்சலும் குளிரும் வந்துவிட்டால், ஈ.எஸ்.பி.எல். கிருமிக்கு நாங்களே அதைத்தான் சொல்வோம். ஆனால் அது பெரும்பாலும் எட்டு மணி நேரத்துக்கு ஒருமுறை ரத்தநாளத்தில் ஏற்ற வேண்டிய மருந்து. ஆஸ்பத்திரியில் படுக்க வேண்டும், கையில் ஊசி இருக்க வேண்டும், அந்த ஊசி வழியாகவே புதுத் தொற்று வரவும் இடமுண்டு. அதையும் விடப் பெரிய விஷயம், மெரோபெனத்துக்கும் அடங்காத குடல் கிருமிகள் ஏற்கெனவே இருக்கின்றன. உலக சுகாதார நிறுவனம் புது மருந்து அவசரமாகத் தேவைப்படும் கிருமிகளின் பட்டியலை 2017-ல் முதலில் வெளியிட்டபோதே அவற்றை மிக ஆபத்தான வரிசையில் வைத்தது. உங்கள் குடலில் இருக்கும் கோடிக்கணக்கான கிருமிகளுக்குத் தேவையில்லாமல் மெரோபெனத்தைக் காட்டினால், அடுத்த தடவை அந்த 'எஸ்'ஸும் மாறிப்போக வாய்ப்பு இருக்கிறது.

மிச்சம் நைட்ரோஃப்யூரன்டாயினும் ஃபாஸ்ஃபோமைசினும். இரண்டும் இந்த இடத்துக்குப் பொருத்தமானவை. ஃபாஸ்ஃபோமைசின் தண்ணீரில் கரைத்து ஒரே வேளை குடிக்கும் 3 கிராம் பொடி. சில டாக்டர்கள் அதை முதலில் எழுதுவார்கள், அதுவும் தப்பில்லை. உங்கள் டாக்டர் நைட்ரோஃப்யூரன்டாயினை எழுதியிருக்கிறார். எனக்குத் தனிப்பட்ட முறையில் பிடித்த மருந்து அது. 1953-லிருந்து பயன்பாட்டில் இருக்கிறது. இவ்வளவு காலம் ஆகியும் பெரும்பாலான ஈ.கோலி அதற்கு அடங்குகிறது. காரணம், அது கிருமிக்குள் போனதும் கிருமியின் சொந்த என்சைம்களே அதை விஷமாக மாற்றிவிடும். அந்த விஷம் ஒரே நேரத்தில் டி.என்.ஏ., புரதம் என்று பல இடங்களைத் தாக்கும். ஒரு பூட்டை மாற்றித் தப்பிக்கக் கிருமிக்கு வழியில்லை.

"வெறும் மாத்திரையா" என்ற கேள்விக்கு வருவோம். விழுங்கிய நைட்ரோஃப்யூரன்டாயினில் ரத்தத்தில் நிற்பது மிகக் கொஞ்சம். வேகமாகச் சிறுநீரில் இறங்கி அங்கே அடர்த்தியாகச் சேர்ந்துவிடும். உங்கள் கிருமி இருப்பது சிறுநீர்ப்பையில். எரிச்சல், அடிக்கடி போவது, காய்ச்சல் இல்லாமை எல்லாம் அதைத்தான் காட்டுகின்றன. மருந்தும் போய்ச் சேருவது அதே இடத்துக்கு. இதே காரணத்தால் தொற்று சிறுநீரகத் திசுவுக்குள் போய்விட்டால் இந்த மாத்திரை உதவாது, ரிப்போர்ட்டில் 'எஸ்' என்று இருந்தாலும் உதவாது. அப்போது உங்கள் கணவர் கேட்கும் ஊசி தேவைப்படும். மருந்தின் பலம் என்பது எந்த இடத்துத் தொற்று என்பதைப் பொறுத்தது.

அம்மாவுக்கும் பதில் சொல்ல வேண்டும். அவருடைய பயம் நியாயமானதுதான். கர்ப்பத்தில் கூடாத ஆன்டிபயாடிக்குகள் உண்மையாகவே இருக்கின்றன. டெட்ராசைக்ளின் வகை குழந்தையின் பல்லிலும் எலும்பிலும் போய்ப் படியும். ஆனால் "எந்த ஆன்டிபயாடிக்கும் ஆகாது" என்பது சரியில்லை. நைட்ரோஃப்யூரன்டாயினில் கவனம் வேண்டிய காலம் இரண்டு. ஒன்று முதல் மூன்று மாதம், அப்போது வேறு நல்ல மருந்து இருந்தால் அதைத் தருவார்கள். இன்னொன்று பிரசவம் நெருங்கும் வாரங்கள், ஏறக்குறைய 37 வாரத்துக்குப் பிறகு. அந்த நேரத்தில் பிறக்கும் குழந்தையின் சிவப்பணுக்களை இது உடைத்துவிடக்கூடும். நீங்கள் 24 வாரத்தில் இருக்கிறீர்கள், இரண்டுக்கும் நடுவில். ஒரே ஒரு கேள்வி: உங்களுக்கோ குடும்பத்திலோ யாருக்காவது ஜி6பி.டி. என்ற என்சைம் குறைபாடு இருப்பதாகச் சொல்லியிருக்கிறார்களா? இருந்தால் மாத்திரையைத் தொடங்கும் முன் டாக்டருக்கு ஒரு போன் செய்யுங்கள், ஃபாஸ்ஃபோமைசினுக்கு மாற்றிக்கொள்ளலாம். சிறுநீரகக் கோளாறு ஏற்கெனவே இருந்தாலும் அப்படித்தான்.

தண்ணீர் குடிப்பது நல்லது. சிறுநீர் நீர்த்துப் போகும், அடிக்கடி போனால் கிருமி கொஞ்சம் அடித்துச் செல்லப்படும், எரிச்சலும் குறையும். ஆனால் கர்ப்பிணியின் உடம்பில் தண்ணீரை மட்டும் நம்பி இருக்க முடியாததற்குக் காரணம் இருக்கிறது. புரோஜெஸ்டிரோன் ஹார்மோன் சிறுநீரகத்திலிருந்து இறங்கும் குழாய்களின் தசையைத் தளர்த்திவிடுகிறது. வளரும் கருப்பை அந்தக் குழாய்களை அழுத்துகிறது, அது வலது பக்கம் சாய்வதால் வலது குழாயை அதிகமாக. சிறுநீர் வேகமாக இறங்காமல் தேங்குகிறது. அதில் சர்க்கரையும் கொஞ்சம் கூடுதலாக இருக்கும். சிறுநீர்ப்பையில் இருக்கும் கிருமிக்கு மேலே ஏற வழி திறந்திருக்கிறது.

அதனால்தான் மருத்துவம் கர்ப்பிணிக்கு மட்டும் ஒரு தனி விதி வைத்திருக்கிறது. மற்றப் பெண்களுக்கு எந்தத் தொந்தரவும் இல்லாமல் கல்ச்சரில் கிருமி வந்தால், பொதுவாக மருந்து தருவதில்லை. தந்தால் எதிர்ப்புக் கிருமிதான் பெருகும். கர்ப்பிணிக்கு அப்படி வந்தால், எரிச்சலே இல்லாவிட்டாலும் மருந்து தருகிறோம். சிகிச்சை இல்லாமல் விட்டால் நூற்றில் 20 முதல் 30 பேருக்கு அது சிறுநீரகத் தொற்றாக மாறும் என்பது மருத்துவ நூல்களில் நெடுநாளாக இருந்துவரும் கணக்கு. சமீபத்திய ஆய்வுகளில் அது குறைவாக வந்திருக்கிறது, ஆனாலும் விதி மாறவில்லை. காரணம், சிறுநீரகத் தொற்று வந்தால் விலை அதிகம்: கடும் காய்ச்சல், கிருமி ரத்தத்தில் கலப்பது, குறைமாதப் பிரசவம். உங்களுக்கோ எரிச்சலும் இருக்கிறது. வயிற்றுப் பிள்ளைக்கு எது அதிக ஆபத்து என்று அம்மா கேட்டால், தராசில் மாத்திரையின் பக்கம் இலேசானது என்று தயங்காமல் சொல்வேன்.

சிரப் விஷயம். பெயர் எழுதவில்லை. எரிச்சலுக்குக் கடைகளில் தரும் சிரப் பெரும்பாலும் சிட்ரேட் உப்பு. சிறுநீரின் அமிலத்தைக் குறைத்து எரிச்சலை மட்டுப்படுத்தும், கிருமியைக் கொல்லாது. நைட்ரோஃப்யூரன்டாயின் அமிலத்தன்மை உள்ள சிறுநீரில்தான் நன்றாக வேலை செய்யும். சிட்ரேட் சிரப்பைச் சேர்த்துக் குடித்தால் மருந்தின் காலை நாமே வாருகிறோம். பாட்டிலைப் பார்த்து சிட்ரேட் என்று இருந்தால் நிறுத்திவிடுங்கள். நெஞ்செரிச்சலுக்கு மெக்னீசியம் டிரைசிலிகேட் கலந்த ஆன்டாசிட் எடுப்பவராக இருந்தால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள், மாத்திரை உறிஞ்சப்படுவதை அது குறைக்கும்.

மாத்திரையைச் சாப்பாட்டோடு போடுங்கள். வெறும் வயிற்றில் போட்டால் குமட்டும், மருந்தும் குறைவாகவே ஏறும். சிறுநீர் கரும் மஞ்சளாகவோ பழுப்பாகவோ போகலாம். பயப்பட வேண்டாம், அது மருந்தின் நிறம். தோலில் தடிப்பு, மூச்சு வாங்குதல், புதிதாக இருமல் வந்தால் நிறுத்திவிட்டு உடனே டாக்டரைக் கூப்பிடுங்கள். அது அபூர்வம்.

இரண்டு மூன்று நாளில் எரிச்சல் நன்றாகக் குறைந்துவிடும். அப்போதுதான் எல்லோரும் மீதி மாத்திரையை அலமாரியில் வைப்பார்கள். ஆன்டிபயாடிக்கை எத்தனை நாள் கொடுக்க வேண்டும் என்பதில் மருத்துவர்களிடையே பெரிய விவாதமே நடக்கிறது. நாள் கூடக் கூட எதிர்ப்புக் கிருமி பெருக இடம் என்பதால், பல நோய்களில் நாட்களைக் குறைத்துவிட்டார்கள். அந்த விவாதத்தை வைத்து உங்கள் ஏழு நாளை நீங்களாகக் குறைக்க வேண்டாம். கர்ப்பத்தில் எரிச்சல் போனால் போதாது, கிருமியும் போயிருக்க வேண்டும்.

கீழே சொல்வதில் ஏதாவது ஒன்று வந்தால், இரவு எத்தனை மணியானாலும் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்: 38 டிகிரி செல்சியஸ் அல்லது அதற்கு மேல் காய்ச்சல், உடம்பு தூக்கிப் போடும் குளிர், விலாவுக்குக் கீழே முதுகின் ஒரு பக்கத்தில் வலி, மாத்திரை தங்காத அளவுக்கு வாந்தி, வயிறு விட்டு விட்டு இறுகுதல், குழந்தையின் அசைவு குறைதல். போகும்போது கல்ச்சர் ரிப்போர்ட்டைக் கையில் எடுத்துப் போங்கள். ஏனென்றால் சிறுநீரகத் தொற்று என்று வரும் கர்ப்பிணிக்கு ரிப்போர்ட் வரும்வரை பல இடங்களில் முதலில் போடும் ஊசி செஃப்ட்ரையாக்ஸோன். உங்கள் கிருமிக்கு அது 'ஆர்'. தாளைக் காட்டினால் முதல் ஊசியே சரியான ஊசியாக இருக்கும். ரிப்போர்ட் இல்லாமல் போனால், புதுக் கல்ச்சர் வளர்ந்து முடிவு சொல்ல இரண்டு நாள் ஆகும்.

நீங்கள் போட்ட செஃபிக்ஸிம் காரணமா என்றால், ஓரளவு இருக்கலாம். அந்த எதிர்ப்புக் கிருமியை நீங்கள் உருவாக்கவில்லை. அது உங்கள் குடலில் முன்பே கொஞ்சமாக இருந்திருக்கலாம். உணவு, வீட்டில் இருப்பவர்கள், ஆஸ்பத்திரி என்று எங்கிருந்தும் வந்திருக்கலாம். பலர் குடலில் அது ஒரு தொந்தரவும் தராமல் இருக்கிறது. செஃபிக்ஸிம் உள்ளே போனபோது அதற்கு அடங்கும் கிருமிகள் குறைந்தன, அடங்காதவற்றுக்கு இடம் கிடைத்தது. ஆன்டிபயாடிக் எடுத்து அடுத்த சில மாதங்களில் வரும் சிறுநீர்த் தொற்றில் எதிர்ப்புக் கிருமி இருக்க வாய்ப்பு அதிகம் என்பது தெரிந்த விஷயம். குற்ற உணர்ச்சி வேண்டாம். எனக்கு வருத்தம் வேறொன்றில்: நாலாவது மாதத்தில் மாத்திரை போடும் முன் ஒரு கல்ச்சர் எடுத்திருந்தால், இதே கிருமியா வேறா என்று இன்று சொல்லியிருக்கலாம். அலமாரியில் மிச்ச மாத்திரை இன்னும் இருந்தால் தூக்கிப் போடுங்கள்.

இது கணவருக்குத் தொற்றுவது இல்லை, அவருக்கு மருந்து வேண்டாம். உறவுக்குப் பிறகு சிறுநீர் கழிப்பது, முன்னிருந்து பின்னாகத் துடைப்பது, சிறுநீரை அடக்காமல் இருப்பது எல்லாம் உங்களுக்குத் தெரிந்தவைதான். கிரான்பெர்ரி சாறு பற்றி யாராவது சொல்வார்கள். அடிக்கடித் தொற்று வரும் மற்றப் பெண்களுக்கு அது ஓரளவு உதவுகிறது, கர்ப்பிணிகளில் பலன் நிரூபணமாகவில்லை.

மாத்திரை முடிந்து ஒன்று அல்லது இரண்டு வாரத்தில் மறுபடியும் கல்ச்சர் கொடுக்க வேண்டும். எரிச்சல் இல்லையே என்று விட்டுவிடாதீர்கள். சாதாரண யூரின் டெஸ்டில் 'சீழ் செல்கள் குறைவு' என்று வருவதும் போதாது. மாதிரி கொடுக்கும் விதம் முக்கியம், எங்கள் பக்கத்துப் புலம்பல் பெரும்பாலும் இதைப் பற்றித்தான். தண்ணீரால் கழுவித் துடைத்துவிட்டு, முதலில் வருவதை விட்டுவிடுங்கள், நடுவில் வருவதைப் பிடியுங்கள். பாட்டிலின் வாய் உடம்பில் படக்கூடாது, மூடியின் உட்புறத்தைத் தொடக்கூடாது. இரண்டு மணி நேரத்துக்குள் லேபில் சேர வேண்டும், முடியாவிட்டால் ஃப்ரிட்ஜில் வைக்கலாம். வெளியில் மதியம்வரை கிடந்த பாட்டிலில் ஆயிரம் கிருமி லட்சமாகிவிடும். அப்புறம் நாங்கள் லட்சம் என்று எழுதுவோம், டாக்டர் மருந்து எழுதுவார், தேவையில்லாத ஒரு ஆன்டிபயாடிக் உங்கள் வயிற்றுக்குள் போகும். 'மூன்று விதக் கிருமிகள் கலந்து வளர்ந்துள்ளன, மறுபடி அனுப்பவும்' என்று ரிப்போர்ட் வந்தால் கோபப்படாதீர்கள். தோலிலிருந்து கலந்துவிட்டது என்று அர்த்தம்.

அந்தக் கல்ச்சர் சுத்தமாக வந்தாலும், பிரசவம்வரை அவ்வப்போது திரும்பப் பார்ப்பார்கள், ஒருமுறை வந்தவர்களுக்கு மறுபடி வருவது சாதாரணம். மறுபடி வந்தால் பழைய சீட்டைக் காட்டி மாத்திரை வாங்க வேண்டாம். புதுக் கல்ச்சர் எடுத்து, அப்போது எத்தனை வாரம் என்று பார்த்துத்தான் மருந்து. 38-வது வாரத்தில் வந்தால் இதே நைட்ரோஃப்யூரன்டாயின் ஒத்துவராது, ஃபாஸ்ஃபோமைசின் பக்கம் போவார்கள். திரும்பத் திரும்ப வந்தால் இரவில் ஒரு சிறு அளவு மருந்தைத் தொடர்ந்து கொடுப்பதும் உண்டு.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஒன்று. ஈ.எஸ்.பி.எல். இருப்பதால் சிசேரியன் தேவையில்லை, தாய்ப்பாலுக்கும் தடை இல்லை. ஆனால் சிறுநீர் சுத்தமான பிறகும் அந்தக் கிருமி உங்கள் குடலில் மாதக்கணக்கில் இருக்கலாம், பிரசவத்தின்போது குழந்தைக்கும் போகலாம். பெரும்பாலான குழந்தைகளுக்கு அதனால் ஒன்றும் ஆவதில்லை. பிறந்த முதல் வாரங்களில் குழந்தைக்குக் காய்ச்சல், பால் குடிக்காமல் சோர்வு என்று ஏதாவது வந்தால் மட்டும், குழந்தை மருத்துவர் முதல் மருந்தைத் தேர்ந்தெடுக்கும் முன் இது அவருக்குத் தெரிய வேண்டும். பிரசவ ஃபைலில் இந்த ரிப்போர்ட்டின் நகல் ஒன்றை மேலாகவே வைத்து, பிரசவ அறைக்குள் போகும்போது கூட வருபவரிடமும் சொல்லி வையுங்கள்.